கருவாட்டுத் தட்டு

பாஸ்கல் மோத்தா தம்முடைய கிட்டங்கியில் செத்துக் கிடந்தார்.

தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்கு எதிரே, தோணிச் சரக்குகளை அடைத்து வைக்கும் நீளமான கட்டடம் அது. மேசைக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்த உடம்பின் பின்மண்டை, துருப்பிடித்த பழைய நங்கூரம் ஒன்றின் மேல் சாய்ந்திருந்தது. இரத்தம் உறைந்து கறுத்துவிட்டது. மேசையில் ஒரு எனாமல் தட்டு. அதில் பழைய சோறும் பாதி கடித்த சீலாக் கருவாடும். சுவர் ஓரத்தில் ஒரு தூக்குச்சட்டி, கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது.

1976 ஜனவரி. திங்கட்கிழமை காலை. இன்ஸ்பெக்டர் அருமைநாயகம் வந்து சேர்வதற்குள் வாசலில் கூடிய கூட்டம் தீர்ப்பே எழுதிவிட்டிருந்தது. மோத்தாவுக்குப் பிரஷர். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் மாதா கோயில் திருவிழாவில் கூட்டத்தின் நடுவே சரிந்து விழுந்தவர். டாக்டர் உப்பை நிறுத்தச் சொன்னார்; நாக்கு கேட்கவில்லை. திருட்டுத்தனமாகக் கருவாடு தின்றார், மறுபடி சரிந்தார், நங்கூரம் மண்டையைப் பிளந்தது.

டாக்டர் வேதமணி மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மோத்தாவுக்கு மருந்து கொடுத்து வந்தவர் அவர்தான்.

"பிரஷர்னு எழுத எனக்குக் கை வரல, இன்ஸ்பெக்டர். போன வெள்ளிக்கிழமைதான் பார்த்தேன். நூற்று முப்பதுக்கு எண்பது. மாத்திரையைக்கூடப் பாதியாக் குறைச்சிட்டேன்."

திருவிழா அன்று அது இருநூற்று இருபது இருந்தது என்றார் டாக்டர். முதல் சில மாதங்கள் மோத்தா ஏமாற்றியிருக்கிறார். அளந்து பார்த்தே டாக்டர் கண்டுபிடித்துத் திட்டியிருக்கிறார். அதன் பிறகுதான் மனுஷர் அடங்கினார். சுருட்டை விட்டார். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் போயின. கீரை, வாழைத்தண்டு, உப்பில்லாமல் புளியும் மிளகும் போட்டு வேகவைத்த பச்சை மீன். தினமும் விடிகாலையில் கடற்கரையில் நடை. தொப்பை கரைந்து, பழைய சட்டைகளையெல்லாம் பிடித்துத் தைக்க வேண்டி வந்தது.

"ஒரு நாள் சபலப்பட்டிருக்கலாமே?" என்றார் இன்ஸ்பெக்டர். அவருக்கும் இதே டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். ஒரு வாரம் தாங்கியதில்லை.

"இருக்கலாம். அறுத்துப் பார்த்தால் தெரியும்."

பிணம் ஆஸ்பத்திரிக்குப் போனது. அருமைநாயகம் மோத்தாவின் வீட்டுக்குப் போனார்.

மனைவி பிளாரன்ஸ் அழுது ஓய்ந்திருந்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். வழக்கம்போல் கேப்பைக் கஞ்சியைத் தூக்குச்சட்டியில் ஊற்றிக் கொடுத்தாளாம். நடந்து முடித்து, கிட்டங்கியில் உட்கார்ந்து குடித்துவிட்டு, சட்டியைத் தாமே கழுவி வைப்பாராம். கருவாடு எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"கருவாடு எங்க குசினிக்குள்ள வந்து மாசக்கணக்காச்சு, ஐயா. அந்தத் தட்டும் எங்களுது இல்ல."

"அவருக்கு யாரிடமாவது பகை?"

"பகை இல்ல. ஆனா சனிக்கிழமையிலேர்ந்து அவிய தூங்கல. கேட்டதுக்கு, கடல்ல போனவனுக்கு நான் பதில் சொல்லணும்னு மட்டும் சொன்னாவ."

அடுத்தவன் கிட்டங்கிக் காவலாளி வெள்ளத்துரை. அவன்தான் பிணத்தை முதலில் பார்த்தவன். விடிந்ததும் டீ குடிக்கப் போனதாகவும், திரும்பி வந்தபோது முதலாளி கிடந்ததாகவும் சொன்னான். கருவாட்டைப் பற்றிக் கேட்டதும் அவன் கண் தரைக்குப் போனது. தனக்கு ஒன்றுமே தெரியாது என்றான். இன்ஸ்பெக்டர் விடவில்லை.

"யார் வாங்கிக் கொடுத்தது? நீதானே?"

"போன வருசம் வாங்கிக் குடுத்தேன் ஐயா. அம்மாவுக்குத் தெரியாம. சத்தியமா இப்ப இல்ல."

"ஏன் நிறுத்தினே?"

"அவியதான் நிறுத்தினாவ. மழைக்காலத்துல ஒரு நாள் ஆசையாக் கேட்டாவ. வாங்கிட்டு வந்தேன். ஒரு வாய் வச்சிட்டுத் துப்பிட்டாவ. கடத்தண்ணியக் குடிச்ச மாதிரி இருக்குலேன்னு பூனைக்குப் போட்டாவ."

இதை ஏன் முதலில் மறைத்தாய் என்று கேட்டார். கருவாடு வாங்கிக் கொடுத்தவன் என்று தெரிந்தால் முதலாளி செத்த பழி தன் தலையில் விழுமென்று பயந்ததாகச் சொன்னான்.

மூன்றாவது ஆள் சிலுவை. மோத்தாவின் தோணியை ஓட்டும் தண்டல். ஈஸ்டர் முடிந்ததும் கொச்சிக்குச் சரக்கு ஏற்றிப் போன தோணி, அங்கே அடிப்பலகை பழுதாகி மழைக்காலம் முழுக்கக் கிடந்து, போன வியாழக்கிழமைதான் ஊர் திரும்பியிருந்தது. திரும்பும் வழியில் ஒரு சாவு. சந்தியாகு என்ற மாலுமி கன்னியாகுமரிக்கு அப்பால் தவறிக் கடலில் விழுந்துவிட்டதாகச் சிலுவை எழுதிக் கொடுத்திருந்தான். உடம்பு கிடைக்கவில்லை.

முதலாளியைப் பற்றிப் பேசும்போது சிலுவை தேம்பினான்.

"மொதலாளிக்கு வாயக் கட்டத் தெரியாது ஐயா. கருவாடு இல்லாம ஒரு வாய் சோறு எறங்காது. நான் எத்தனையோ மட்டம் சொல்லிப் பாத்துட்டேன்."

காலையில் எங்கே இருந்தாய் என்பதற்கு, தோணியில் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னான்.

மாலையில் டாக்டர் வேதமணி ஸ்டேஷனுக்கே வந்தார். ஆஸ்பத்திரியில் பேசிவிட்டு வந்திருந்தார். மூளைக்குள் இரத்தக் குழாய் எதுவும் வெடிக்கவில்லை. பின்மண்டையில் இரண்டு அடி. இரண்டுமே உருண்டையான கட்டை எதனாலோ விழுந்தவை. நங்கூரத்தின் விளிம்பு அப்படிப் பிளக்காது. வயிற்றில் கேப்பைக் கஞ்சி மட்டும். ஒரு பருக்கைச் சோறு இல்லை. கருவாட்டுத் துணுக்கு ஒன்றுகூட இல்லை.

அருமைநாயகம் எழுந்து, அந்த எனாமல் தட்டைத் தாளில் சுற்றிக்கொண்டு துறைமுகத்துக்கு நடந்தார். தோணியில் வெகுநேரம் இருந்தார்.

மறுநாள் காலை பிளாரன்ஸ், வெள்ளத்துரை, சிலுவை மூவரையும் கிட்டங்கிக்கு வரச் சொன்னார். டாக்டரும் வந்தார்.

"மோத்தாவை யாரோ அடித்துக் கொன்றார்கள்," என்று தொடங்கினார். "பிறகு தட்டில் சோறும் கருவாடும் வைத்து, கருவாட்டைப் பாதி பிய்த்து, பிரஷரில் விழுந்ததாகக் காட்டினார்கள். நல்ல யோசனைதான். ஊரே நம்பியது. ஆனால் இந்த யோசனை யாருக்கு வரும் என்று பாருங்கள். மோத்தாவின் மனைவிக்கு வராது. வெள்ளத்துரைக்கு வராது; கருவாட்டைத் துப்பியதை நேரில் பார்த்தவன் அவன். உப்பில்லாமல் பல மாதம் சாப்பிட்டவருக்குக் கருவாடு வாயில் வைக்க முடியாது. அப்படித்தானே டாக்டர்?"

டாக்டர் தலையசைத்தார். ஆரம்பத்தில்தான் நாக்கு உப்புக்கு ஏங்கும், பழகிவிட்டால் கொஞ்சம் உப்பே கரிக்கும் என்றார்.

"ஆக, மோத்தா மாறினது தெரியாதவன்தான் கருவாட்டை வைத்திருக்கிறான். அவர் ஒளித்துத் தின்றுகொண்டிருந்த காலத்தில் ஊரைவிட்டுப் போய், இப்போதுதான் திரும்பியவன். கருவாடு இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது என்று நேற்று என்னிடம் சொன்னாயே சிலுவை. அது போன வருஷத்து மோத்தா."

சிலுவை வாசல் பக்கம் பார்த்தான்.

இன்ஸ்பெக்டர் தட்டைப் பிரித்து மேசையில் வைத்து, தோணியில் கேட்டறிந்ததைச் சொன்னார். தோணியில் சமைப்பவன் அதன் விளிம்பில் இருந்த உடைசலைப் பார்த்ததுமே, எங்கள் தட்டு என்று சொல்லியிருந்தான். பிறகு உட்கார்ந்து அழுதுகொண்டே நடந்ததைச் சொல்லியிருக்கிறான். சந்தியாகு தவறி விழவில்லை. தோணியின் பாயை இறக்குவதில் வந்த வாக்குவாதத்தில் சிலுவைதான் தள்ளினான். தண்ணீரிலிருந்து சந்தியாகுவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தும், தோணியைத் திருப்பச் சொல்லி மற்றவர்கள் கெஞ்சியும் திருப்பவில்லை. ஊர் வந்ததும் மனசு பொறுக்காமல், சனிக்கிழமை மோத்தாவிடம் சமையல்காரன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். முதலாளி செத்துக் கிடந்ததைப் பார்த்த பிறகு, பயத்தில் வாயை மூடிக்கொண்டான். தோணியின் அடித்தட்டில் கிடந்த, பாய்க்கயிறு ஓடும் உருண்டையான மரக்கப்பி ஒன்றையும் போலீஸ்காரர்கள் எடுத்து வந்திருந்தார்கள். அதன் கயிற்றுத் துளைக்குள் இரத்தம் காய்ந்திருந்தது.

கப்பியைப் பார்த்ததும் சிலுவை தரையில் உட்கார்ந்தான்.

"மொதலாளிக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு வெடியக்காலம் கெஞ்சிக் கேட்டுப் பாக்கத்தான் வந்தேன். விட்டுருங்கன்னு கால்ல விழுந்தேன். ஸ்டேசனுக்குப் போவோம், நானும் கூட வாரேன்னு சொன்னாவ. கஞ்சியக் குடிச்சாவ. சட்டியக் கழுவிக் கவுத்தக் குனிஞ்சாவ."

பிளாரன்ஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர்களில் அவனும் ஒருவன்.

அவனை ஏற்றிக்கொண்டு ஜீப் போனதும், சந்தியாகுவின் வீடு எங்கே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பிளாரன்ஸ் தானும் வருவதாகச் சொன்னாள். இருவரும் குடிசைகளுக்கு நடுவே நடந்து போனார்கள். சந்தியாகுவின் மனைவி அந்தோணியம்மாள் பாயில் உட்கார்ந்திருந்தாள். குடித்துவிட்டுத்தான் அவன் விழுந்திருப்பான் என்று பக்கத்து வீடுகளில் பேசிக்கொள்வதை அவள் அஞ்சு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் உள்ளதைச் சொன்னார். தண்ணீரில் விழுந்த பிறகு நடந்ததை மட்டும் விட்டுவிட்டார். அந்தோணியம்மாள் அவரைப் பார்க்கவில்லை. பிளாரன்ஸைத்தான் பார்த்தாள்.

"தண்ணியில விழுந்தவிய கூப்பிட்டாவளா அக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் பிளாரன்ஸ் வாயெடுத்தாள். வரவில்லை.

"கூப்பிட்டாவளாம், தாயி. ரொம்ப நேரம்."

அந்தோணியம்மாள் பாயில் நகர்ந்து இடம் விட்டாள்.