வைக்கோல் தண்ணீர்க் குஞ்சுகள்

மங்களாம்பிகை கூடத்துக்குள் வந்தால் தொட்டியில் இருந்த மீன்குஞ்சுகள் எல்லாம் கண்ணாடியின் முன்பக்கம் வந்து கூடும். தியாகராசன் வந்தால் எல்லாமாகச் சேர்ந்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். முதலில் அவர் இதைத் தற்செயல் என்றுதான் நினைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனைபோல் வந்து பார்த்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வந்து பார்த்தார். மனைவியின் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டுகூட ஒரு தடவை வந்து பார்த்தார். அத்தனையும் ஒரே நேரத்தில் திரும்பி வாலை மட்டும் காட்டின. ரெவின்யூ கோர்ட் குமாஸ்தாகூட அவரிடம் இவ்வளவு தெளிவாக முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை.

குத்தகைப் பதிவுச் சட்டம் வந்து, வீரசோழன் ஆற்றங்கரையில் இருந்த அவருடைய ஒரு வேலி நிலத்தில் குத்தகைக்காரன் இளையபெருமாளின் பெயர் ஏறியதிலிருந்து தியாகராசனுக்குப் போக வர இடம் இல்லை. வயலை மேற்பார்த்துப் பழகிய கண் வீட்டை மேற்பார்க்க ஆரம்பித்தது. சோறு போடும்போது மனைவி தன் முகத்தைப் பார்க்கிறாளா, தொட்டியைப் பார்க்கிறாளா, எதை எவ்வளவு நேரம் பார்க்கிறாள் என்பதெல்லாம் அந்தக் கண்ணில் பட்டது. நிலம் போனது ஊருக்கே தெரியும். இது அவருக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் இது இன்னும் வலித்தது.

தொட்டி கும்பகோணத்தில் யூனுஸ் கடையில் வாங்கியது. ஆரஞ்சு வால் கப்பி மீன் ஒன்று ஐப்பசி மழையில் குஞ்சு பொரித்தது. பொரித்தது என்று சொல்லக்கூடாது. கப்பி குட்டியாகவே போடும், போட்ட கையோடு திரும்பிப் பார்த்துத் தின்னவும் செய்யும். அதனால் மங்களாம்பிகை தொட்டியின் நடுவே கொசுவலையைக் கட்டித் தாயை ஒரு பக்கம் ஒதுக்கினாள். குஞ்சுக்கு அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் முடிந்து தண்ணீரில் பிழிய வேண்டும் என்று யூனுஸ் சொல்லியிருந்தார்.

"முட்டையா? இந்த வாசப்படிக்குள்ளயா?" என்றார் தியாகராசன். அவர்கள் வீடு தலைமுறை தலைமுறையாகச் சைவம்.

"நாம சாப்பிடவா போறோம்? மீனுக்குத்தானேங்க."

"முட்டை உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்."

மங்களாம்பிகை யோசித்தாள். அவள் யோசித்த நேரம் அவருக்கு அதிகமாகப் பட்டது.

கடைசியில் முட்டைக்குப் பதிலாக வைக்கோலை ஊறவைப்பது என்று முடிவாயிற்று. ஊறிய தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் உண்டாகும், பிறந்த குஞ்சின் வாய்க்கு அதுவே போதும், அதுவும் யூனுஸ் சொன்னதுதான். ஆனால் அந்த வீட்டில் அப்போது ஒரு பிடி வைக்கோல் இல்லை. வயல் இருந்தால்தானே வைக்கோல். மங்களாம்பிகை இளையபெருமாளுக்கு ஆள் சொல்லி அனுப்பினாள்.

முன்பெல்லாம் கொல்லைப்பக்கம் வந்து நிற்கிற இளையபெருமாள் வாசல் வழியாகவே வந்தான். சட்டைப் பையில் கறுப்பு சிவப்புக் கரை போட்ட கைக்குட்டை, தோளில் குறுவை வைக்கோல் ஒரு கட்டு.

"குத்தகை வாரம் கேட்டா கோர்ட்டுல கட்டிட்டேங்கிறே," என்றார் தியாகராசன். "வைக்கோல் மட்டும் வீடு தேடி வருதாக்கும்." 'டா' அவர் நாக்கு நுனிவரை வந்து நின்றது. இப்போதெல்லாம் அது அங்கேயே நின்றுவிடுகிறது.

"வாரம் உங்களுக்குங்க சார். வைக்கோல் மீனுக்குங்க."

மங்களாம்பிகை சிரித்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டும் தோள் குலுங்கியது. அந்தச் சிரிப்பைத் தியாகராசன் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. வேறொருவன் சொன்னதற்கு அது வந்தது.

"கொஞ்சமா ஊறப் போடுங்கம்மா," என்றான் இளையபெருமாள் கட்டை இறக்கிக்கொண்டே. "இந்த வருச வைக்கோலை மாடே மோந்து பாத்துட்டு ஒதுங்குது."

"ஏனாம்?"

"தெரியலீங்கம்மா. அறுப்பன்னிக்கு வரப்பெல்லாம் போலீசு. எங்க ஆளுங்க ஒரு பக்கம், சார் கூட்டியாந்த வெளியூர் ஆளுங்க ஒரு பக்கம். ரெண்டு பக்கமும் அருவாளைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டேதான் அறுத்தோம். பாட்டு இல்ல, பேச்சு இல்ல. கதிரைப் பாத்து அறுத்தவன் யாருமில்லீங்க."

அவன் போனபின் அவள் வைக்கோலை நறுக்கி மண்பானையில் ஊறவைத்தாள். பானையிலிருந்து எழுந்த வாடை அழுகல் வாடை அல்ல. அறுத்த வயலில் வெயிலேறி நிற்கிற தண்ணீரின் வாடை, அதற்கடியில் பழைய இரும்பைக் கையில் வைத்திருந்தால் உள்ளங்கையில் வருமே, அந்த வாடை. அது கூடத்தைத் தாண்டி, பூஜை அறையைத் தாண்டி, தியாகராசனின் தலையணை உறைவரைக்கும் வந்து தங்கிவிட்டது.

குஞ்சுகள் ஒன்றுகூடச் சாகவில்லை. அதைவிட விசேஷம், ஒன்றுகூட வளரவில்லை. ஐப்பசியில் கண்ணும் வாலுமாக எள்ளளவு இருந்தவை மார்கழிக் கோலம் போடும்போதும் கண்ணும் வாலுமாக எள்ளளவே இருந்தன. மங்களாம்பிகைக்கு அதில் குறையொன்றும் இல்லை. காலையிலும் சாயங்காலமும் வைக்கோல் தண்ணீரைக் கரண்டியில் மொண்டு ஊற்றுவாள். ஊற்றிவிட்டு விரல் நுனியைத் தண்ணீரில் வைப்பாள். அத்தனை குஞ்சும் வந்து விரலை மொய்க்கும். அப்போது அவள் முகத்தில் வருகிற அந்த இளக்கம். கல்யாணமான புதிதில் அதைத் தியாகராசன் பார்த்திருக்கிறார்.

அவரும் ஒருநாள் ஊற்றிப் பார்த்தார். குஞ்சுகள் சுவரைப் பார்த்து நின்றன.

"உங்க கை அவங்களுக்குப் பிடிக்கலை போலருக்கு," என்றாள் அவள்.

அவங்களுக்கு. மீனுக்கு மரியாதை.

அன்று சாயங்காலம் அவள் கோயிலுக்குப் போனபோது தியாகராசன் கொசுவலையை அவிழ்த்துவிட்டார். பெற்றவளே தின்றால் யார் மேல் பழி? நிம்மதியாகச் சாப்பிட்டார், நிம்மதியாகப் படுத்தார். தூக்கத்தின் ஊடே எலி நெல் கொறிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது. அந்த வீட்டில் நெல் இல்லை என்பது காலையில்தான் நினைவுக்கு வந்தது.

காலையில் தாய் மீன் இல்லை. குஞ்சுகள் இருந்தன. மணலில் ஒரு முள், சீப்பின் பல் போல, சுத்தமாக.

"பசிச்சிருக்கும்," என்றாள் மங்களாம்பிகை. யாருக்கு என்று சொல்லவில்லை. அவரைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

தியாகராசன் விடவில்லை. வாய்க்காலில் வேட்டியை விரித்துப் பிடித்த கெண்டைகளைக் கொண்டுவந்து விட்டார். காலையில் கெண்டைகள் இல்லை. சந்தைக்குப் போய் உயிருள்ள விரால் ஒன்று வாங்கினார், முழங்கை நீளம். அதை ஈரச் சாக்கில் சுற்றி, மேலே வாழைப்பூவும் கீரைக்கட்டும் வைத்து மறைத்து, எதிரில் வந்த இரண்டு பேரிடம் கீரை விலை பேசிக்கொண்டே வீதி வழியாக வந்தார். அவர் பரம்பரையில் மீன் தூக்கி வந்த முதல் ஆள் அவர்தான். முட்டைக்கு வாசப்படியை மறித்தவரும் அவர்தான். சாக்குக்குள் விரால் அடித்த அடியில் கீரைக்கட்டு துள்ளித் துள்ளி விழுந்தது.

விராலைத் தொட்டியில் விட்டதும் அது ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு ஒரு மூலையில் போய் ஒடுங்கி நின்றது. குளத்தையே கலக்குகிற விரால் அப்படி நின்று அவர் பார்த்ததில்லை.

கொறிக்கும் சத்தம் அன்று விடியும்வரை இருந்தது.

காலையில் தண்ணீர் பளிங்காக இருந்தது. விராலின் தலையெலும்பு மட்டும் மணலில் உட்கார்ந்திருந்தது, கண்குழிகள் சுவர்ப்பக்கம். குஞ்சுகள் எள்ளளவு. தியாகராசனுக்குப் பயத்துக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவு சாப்பிட்டதற்கு உடம்பில் ஓர் அடையாளம் வேண்டாமா?

பயம் பிறகு வந்தது. அவர் கூடத்துக்குள் நுழைந்தபோது தொட்டியருகே முக்காலியில் உட்கார்ந்திருந்த மங்களாம்பிகை, குஞ்சுகள் திரும்பிய அதே நேரத்தில், அதே பக்கம், தானும் சுவரைப் பார்த்துத் திரும்பினாள்.

"மங்களம்."

அவள் பின்கழுத்து மட்டும் தெரிந்தது.

"மங்களம், எனக்குச் சோறு போடு."

"அடுப்படியில இருக்கு. எடுத்துப் போட்டுக்குங்க."

அடுப்படியில் சோறு இருந்தது. மேலே வைக்கோல் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. சட்டியைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. அவள் எப்போது சாப்பிட்டாள், எதைச் சாப்பிட்டாள் என்று எவ்வளவு யோசித்தும் அவருக்கு நினைவு வரவில்லை.

தொட்டியைக் கொட்டிவிடுவது என்று அப்போதே தீர்மானித்தார். கொல்லைச் சாக்கடையில் கொட்டி, மேலே சுண்ணாம்பைப் போட்டு மூடிவிடுவது. குஞ்சு போனால் அவள் அழுவாள். அழுதால் அழட்டும். அழுது முடித்து நிமிர்ந்து பார்க்கும்போது எதிரே தான் இருப்போம் அல்லவா. அது போதும் அவருக்கு.

விளக்கு வைக்கிற நேரம். மழை இருட்டு. கரண்டு இல்லை. அவள் கொல்லைக் கதவைச் சாத்தப் போயிருந்தாள். ஒரு கையில் வாளியும் ஒரு கையில் அகல்விளக்குமாகத் தியாகராசன் கூடத்துக்குள் வந்தார். விளக்கைத் தொட்டியின் மேல் சட்டத்தில் வைத்தார். இரும்பு வாடை. ஓட்டிலிருந்து மழை சொட்டும் சத்தம். சுவரில் தண்ணீரின் நிழல், மெல்ல அசைந்துகொண்டு. குஞ்சுகள் சுவரைப் பார்த்து நின்றன.

வாளியைத் தூக்கினார்.

ஒரு குஞ்சு திரும்பியது.

அவர் கை நின்றது.

பக்கத்தில் இன்னொன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று. காற்றில் நெற்பயிர் சாய்ந்துகொண்டே போகுமே, அப்படி வரிசையாக. எல்லாம். கண்ணாடியை ஒட்டி வந்து நின்றன. எள்ளளவு முகங்கள். எல்லாம் அவரைப் பார்த்து.

தியாகராசனுக்கு எதற்கு வந்தோம் என்பது மறந்துவிட்டது. வாளி தானாகக் கீழே இறங்கியது. யாரும் அவரை இப்படிப் பார்த்ததில்லை. குத்தகைக்காரர்கள் கைகட்டி நின்ற காலத்தில்கூட இல்லை.

"வந்துட்டீங்களா," என்றார். மரியாதை தானாக வந்தது.

கையைத் தண்ணீரில் விட்டார்.

வலிக்கவில்லை. அதுதான் ஆச்சரியம். கொஞ்சம் கூச்சம், கொஞ்சம் வெதுவெதுப்பு. கொறிக்கும் சத்தம் இப்போது பக்கத்தில் கேட்டது, எலும்பு வழியாக. தண்ணீர் கலங்கவே இல்லை. அவர் கல்யாண மோதிரம் மெல்ல இறங்கி மணலில் உட்கார்ந்தது. அதைத் தாங்கிக்கொண்டிருந்த விரல் அங்கே இல்லை. அவர் சிரித்தார். இன்னும் கொஞ்சம் ஆழமாக விட்டார்.

பின்னால் வளையல் சத்தம்.

மங்களாம்பிகை கதவருகே நின்றாள். தொட்டியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். நேராக, முகத்துக்கு முகமாக, இமைக்காமல். எத்தனை மாதமாக அவர் கேட்டுக்கொண்டிருந்த பார்வை. அதில் பயமில்லை, இரக்கமில்லை. அந்தப் பார்வை அவருக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் தன் முகத்திலேயே அதைப் பார்த்திருக்கிறார்.

"இத்தனை நாள் போட்டது நானு," என்றாள். "உங்ககிட்ட வர்றாங்க."

"என்னைத்தான் பிடிச்சிருக்கு மங்களம்."

அவள் பக்கத்தில் வந்தாள். அகல் வெளிச்சத்தில் வளையல்களை ஒவ்வொன்றாக முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"கொஞ்சம் நகருங்க."

தியாகராசன் நகரவில்லை. தோளால் இடித்து மறித்துக்கொண்டு தன் இன்னொரு கையையும் உள்ளே விட்டார். அவளும் இடித்துக்கொண்டு விட்டாள். அப்படியே இருவரும், தோளோடு தோள் நெருக்கியபடி, யார் பக்கம் கூட்டம் அதிகம் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.