கையில் அடித்த சத்தியம்

றெஜினாவும் தம்பி மாக்கஸும் ரூஜ் பகுதியில் ஒரு பழைய வீட்டு வாசலில் தங்கள் சாமான் வானை நிறுத்தினார்கள். பின்னேரம்தான். ஆனால் மார்கழி என்பதால் வெளிச்சம் வடியத் தொடங்கியிருந்தது. செத்தவர்களின் வீடுகளை ஒதுக்கித் துப்புரவாக்கிக் கொடுப்பது இருவரும் சேர்ந்து கட்டிய தொழில். அவன் இல்லாவிட்டால் அவளால் ஒரு சோபாவைக்கூட அசைக்க முடியாது.

கொஞ்ச நாளாக, போன் வந்தால் அவன் வெளியே போய்த்தான் கதைத்தான். வேறு ஆரோ வேலைக்கு இழுக்கிறார்கள் என்று அவளுக்குச் சந்தேகம்.

செத்துப்போன வீட்டுக்காரரின் மகள், ஒரு ஜெர்மன்காரி, கதவுத் திறப்பைக் கொடுத்தாள். பேஸ்மென்டில் நிற்கும் இரும்புக் கவசத்தை மட்டும் தொடவேண்டாம் என்றாள். அவர்களுடைய மூதாதை ஒருவனுடையதாம். பேரரசருக்கு மட்டுமே தலைவணங்கிய குதிரைவீரன். பிறகு பேரரசரை விட்டுக் கலகக்காரரிடம் போனான். அவர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டு ஒரு ஆயரிடம் சேர்ந்தான். ஒவ்வொருவருக்கும் கையில் அடித்துச் சத்தியம் செய்தான். ஒருவரிடம் இருக்கும்வரை நாய் மாதிரி விசுவாசமாக இருந்தான். கடைசியில் அவன் சத்தியத்தை வாங்க ஒருவரும் இல்லை.

"உன்னை மாதிரி ஆள்தான்," என்றாள் றெஜினா, படியிறங்கும்போது.

"அக்கா, தொடங்காதை."

கீழே ஈரச் சுவரின் மணம். அதோடு துருவும் குதிரை வியர்வையும் கலந்தது போல இன்னொன்று. கவசம் மூலையில், முகமூடி மூடியபடி நின்றது. இருவரும் பெட்டி கட்டினார்கள்.

திடீரென்று லைற் நின்றுவிட்டது.

இருட்டில் முகம் தெரியாதபோது கேட்பது லேசு என்று அவளுக்குப் பட்டது. வலக்கையை விரித்து நீட்டினாள்.

"மாக்கஸ், என்னை விட்டுட்டுப் போகமாட்டன் எண்டு கையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

அவள் கையை நீட்டியபடியே நின்றாள்.

பிறகு, ஒரு கை அவளுடைய உள்ளங்கையில் அடித்தது.

பாரமாக. பனிக்கட்டி மாதிரி. உடனே விலகவும் இல்லை.

"அக்கா," மாக்கஸின் குரல் படிக்கு மேலேயிருந்து வந்தது, "நான் பியூஸ் பாக்க வந்தனான். ஆரோட கதைக்கிறாய்?"

வானில் ஏறியதும் அவனே சொல்லிவிட்டான். மில்லிக்கன் பக்கத்தில் ஒரு கொம்பனியில் வேலை. திங்கட்கிழமை தொடக்கம். "கோவிக்காதை அக்கா. எனக்கும் குடும்பம் வேணும்."

அவள் வலக்கையைத் தொடையில் தேய்த்தாள். உள்ளங்கை இன்னும் விறைத்திருந்தது.

திங்கட்கிழமை மத்தியானமே அவன் அவள் வீட்டுக்கு வந்தான். வலது மணிக்கட்டில் கட்டு.

"சாமான் ஏத்தேக்க ஆரோ பிடிச்சு முறிச்சவங்கள். திரும்பினா ஒருத்தரும் இல்லை." கட்டுக்கு மேலே ஐந்து விரல் தடம் கன்றியிருந்தது. "நான் உன்னட்டையே வாறன். அங்க போகமாட்டன்."

அவள் கேட்டது கிடைத்துவிட்டது. அந்தத் தடத்தைப் பார்க்காமல் அவனுக்குத் தேநீர் ஊற்றினாள்.

அன்று தொடக்கம், அவள் படுத்தால், அறைக்கதவுக்கு வெளியே இரும்புக் காலடி அங்குமிங்கும் நடந்தது. காவல் நிற்பது போல. அவள் மெல்ல மெல்ல அந்தச் சத்தத்திலேயே நித்திரை கொள்ளப் பழகினாள்.

நேற்று, விடிய முன்னம், காலடி நின்றது. கதவடியில் யாரோ தாழ்ந்த குரலில் யாருடனோ பேசினார்கள். அவளுக்குத் தெரியாத பாஷை.

பிறகு, ஒரு கை இன்னொரு கையில் அடிக்கும் சத்தம். புதுச் சத்தியம்.

காலடி மறுபடி தொடங்கியது.

இம்முறை கதவுக்கு உள்ளே.