காகம் தொடாத சோறு

புரட்டாதிச் சனி. எள்ளுப் பிசைந்த சோற்றைப் பின்மதிலில் வைத்துவிட்டு, நாகேந்திரம் "கா... கா..." என்று தொண்டை கிழியக் கூப்பிட்டார். ஒன்றும் இறங்கவில்லை. முருங்கையில் வரிசையாகக் குந்தியிருந்த காகங்கள் சோற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. எல்லாம் வீட்டுப் பக்கமே அலகை நீட்டிக்கொண்டிருந்தன.

காகம் தொடாமல் அவர் வாயில் பருக்கை படாது. நடுப்பகலிலேயே மழை இருட்டு. பின்கதவைத் திறந்தபடி விட்டு, மதிலடியில் காத்து நின்றார்.

மதிலுக்கு அப்பால் வெள்ளவத்தைக் கால்வாய். போன வருசம்வரை கரை முழுக்கப் பற்றைக்காடு; எலிக்கு ஒரு மூலை, பூனைக்கு ஒரு மூலை, கபரகொய்யாவுக்குத் தண்ணீரோரம். பிளாட் கட்ட வந்த படித்தவன்கள் எல்லாவற்றையும் வழித்துவிட்டு, மதிலோடு வேட்டிக்கரை மாதிரி ஒரு கீற்றை மட்டும் விட்டார்கள். ஒளிக்கிறதும் அதுக்குள்தான், வேட்டையும் அதுக்குள்தான். கபரகொய்யா என்றால் உடும்புச் சாதி, ஆனால் ஆள் நீளம். போன கிழமை அவர் கண்முன்னாலேயே அவர் சோறு போட்டு வளர்த்த தாய்ப்பூனையை இடுப்பில் கவ்வி, மதிலில் அடித்தடித்து, அது கத்தக் கத்த விழுங்கியது. சிந்தின குடலுக்குக் காகங்கள் இறங்கின.

அந்தக் கீற்றில்தான் அவரும் ஒன்றை எறிவார். மனைவி சரோஜினிதேவிக்குச் சீனி வருத்தம். கண் மங்கல், முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி செத்துவிட்டது, பாதத்தில் ஆறாத புண். சீழ்த்துணி நாறினால் அக்கம்பக்கம் கதைக்கும் என்று, தினமும் மதிலுக்கு மேலால் வீசிவிடுவார். விடிந்து பார்த்தால் ஒரு துணியும் கிடக்காது. நாய் தூக்கியிருக்கும் என்று இருந்துவிட்டார்.

"இஞ்சேருங்கோ, சாப்பிட்டாச்சே?" உள்ளேயிருந்து அவள்.

"காகம் இறங்கேல்லையப்பா."

"அதுகளுக்கும் உங்கட சமையல் அலுத்துப்போச்சு."

சிரித்தார். சிரிக்கும்போதே மூக்கில் ஏறியது, கால்வாய்ச் சேற்று வாடையும் அழுகின மீன் வாடையும் கலந்து. அது மதிலுக்கு அங்காலிருந்து வரவில்லை. முதுகுப் பக்கமிருந்து வந்தது.

குனிந்து பார்த்தார். மதிலில் சேற்றுக் கோடு. கை அகலம். இந்தப் பக்கம் இறங்கி, குசினிப் படியில் ஏறியிருந்தது.

"இஞ்சேருங்கோ, உங்கட பூனை வந்திட்டுது. போர்வையை இழுக்குது."

பூனை செத்து ஒரு கிழமை.

ஓடினார். படி வழுக்கியது. விழுந்தார். எழும்பினார். அறைவாசல்.

அவள் தலையணையில் சாய்ந்து, விரித்த கூந்தலுக்கு நிதானமாக எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலின் கால்மாட்டில் கறுப்பாய் ஒரு கழுத்து உப்பி, சுருங்கி, உப்பியது. பாதம் இல்லை. கணுக்கால் இல்லை. ஒரு வெட்டியிழுப்பு, எலும்பு நொறுங்கியது. அவள் உடம்பு முழுக்கக் கட்டிலில் ஒரு சாண் கீழே வழுகியது.

"ஏன் பேசாமல் நிக்கிறியள்? கலையுங்கோவன் அதை."



திறந்து கிடந்த பின்கதவால் முதல் காகம் தத்தித் தத்தி உள்ளே வந்து, அவர் காலடியில் நின்று, தன் முறைக்காகக் காத்திருந்தது.