வாசிப்பில் உள்ளது

விசாரணை அறையில் ஐந்து நாற்காலிகள். மேசையின் தலைப்பக்கத்தில் பதிவாளர் சொர்ணாம்பிகை. சன்னலை ஒட்டி, இறந்துபோன அமுதவல்லியின் கணவர் தணிகாசலம். அவருக்கு எதிரே, கதவுப் பக்கம், அவளுடைய தம்பி மாசிலாமணி. நிரல் பரிசோதகனான நான் பதிவாளருக்கு இடப்புறம். ஐந்தாவது நாற்காலியில் அமுதவல்லியின் நிழல் குடியிருக்கும் கைப்பேசி, திரை கீழே பார்க்க, ஒலிவாங்கித் துளையை மெழுகால் அடைத்து. நிழலைப் பற்றிப் பேசும்போது நிழலுக்கும் ஓர் இடம் போடுவது எங்கள் திருச்செங்கோடு பதிவகத்தின் வழக்கம். பேச்சு அதன் காதில் விழாமல் பார்த்துக்கொள்வதும் வழக்கம்தான்.

தணிகாசலம் மறுமணம் செய்துகொள்ளப் போகிறார். அதற்கு முன் நிழலை அணைத்துவிடக் கேட்டு மனு கொடுத்திருந்தார். இறந்தவரின் பேச்சையும் பழக்கத்தையும் கற்று, அவருடைய கைப்பேசியில் தொடர்ந்து எழுதிக்கொண்டிருப்பதே நிழல். உயிருள்ள ஒரு கண்ணாவது படிக்கிறவரை அது இருக்கலாம் என்பது சட்டம். ஒருவரும் படிக்காவிட்டால் அது தானாக அணைந்துவிடும்; படிக்கிறவர் இருந்தால் அவர் சம்மதித்தால்தான் அணைக்க முடியும்.

படிப்பது கண்தானா என்று எப்படித் தெரியும்? தொடுகையையும் முகத்தையும் பொறிகள் போலி செய்துவிடும். எழுத்து பெரிதாக வேண்டும் என்ற தேவை மட்டும் எந்தப் பொறிக்கும் இல்லை. ஆகவே நிழலைப் படிக்கிறவர்கள் விரலால் திரைப்பெருக்கத்தை ஒரு படி கூட்டிவிட்டுத்தான் படிக்க வேண்டும். திரை தன் அளவென்று சொல்லும் எண்ணும், திரைக் கண்ணாடியில் உண்மையாக விழும் அளவின் எண்ணும் வேறுபட்டால் பெருக்கம் போடப்பட்டிருக்கிறது என்று நிரல் முடிவு செய்யும். வருட முடிவில் குடும்பத்துக்கு அறிவிப்பு போகும்: வாசிப்பில் உள்ளது.

அமுதவல்லியின் நிழல் இரண்டு கைப்பேசிகளில் இருந்தது. ஒன்று கணவர் வீட்டில், இன்னொன்று பிறந்த வீட்டில். இரண்டும் ஒரே வகை. எதில் படித்தாலும் கணக்கு. அவள் இறந்த பிறகான ஆறு ஆண்டுகளும் அறிவிப்பு தவறாமல் வந்தது. எதில் படிக்கப்பட்டது என்று மட்டும் அது சொல்லாது.

பதிவாளர் மாசிலாமணியைப் பார்த்து, படிக்கிறவர் நீங்கள் என்று மனுவில் இருக்கிறது, சம்மதமா என்று கேட்டார்.

மாசிலாமணி தணிகாசலத்திடம் திரும்பினார்.

"நான் எங்கீங்க மாமா படிச்சேன்? மொத மாசத்தோட எடுத்து வெச்சதுதான். நீங்க படிக்கறீங்கன்னு நெனச்சு நிம்மதியா இருந்தனுங்க."

"நானும் உன்னைத்தான் நெனச்சேன் மாப்ள," என்றார் தணிகாசலம். "வருசா வருசம் சீட்டு வந்துச்சே."

பதிவாளர் என் பக்கம் பார்த்தார். நாற்காலியில் இருந்தது கணவர் வீட்டுக் கைப்பேசி. அதைத் திரையின் எண்களைக் காட்டும் மின்னட்டை மேல் வைத்து எண்களை எடுத்துப் பார்த்தேன். பெருக்கம் போடப்படவே இல்லை. ஆனாலும் இரண்டு எண்களும் வேறாகத்தான் இருந்தன. அந்த வகைத் திரை எதையும் முதலில் பெரிதாக வரைந்து, பிறகு சுருக்கிக் காட்டும்படி செய்யப்பட்டது. விரல் படாவிட்டாலும் அதில் எண்கள் ஒத்துப்போகா. யாரும் தொடாத கைப்பேசியில் ஒரு கண் படிப்பதாக எங்கள் நிரல் ஆறு ஆண்டுகள் எழுதிக்கொண்டிருந்தது.

விளக்கிச் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. அப்போது எழுதினதெல்லாம் இதில் இருக்கிறதா என்று தணிகாசலம் கேட்டார். கைப்பேசியை அவர் கையில் கொடுத்தேன்.

ஆரம்பத்தில் நீளமாக இருந்தன. மாடித் தொட்டி நிரம்பி வழிகிறதா பாருங்கள், நெஞ்சுச்சளிக்கு அந்தக் கருப்பு மருந்து வேண்டாம், இப்படி. நிழலும் அதே இரண்டு எண்களைத்தான் பார்த்திருக்கிறது. சில வாரங்களில் இப்படி எழுதியிருந்தது: "என்னங்க, எழுத்தைப் பெருசு பண்ணியே வெச்சிருக்கீங்க. கண்ணு மங்கலா இருக்கா? அதான் பதில் போட முடியலையா? நான் சுருக்கமாவே எழுதறேன்."

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு வரி. பிறகு மூன்று சொற்கள். கடைசி இரண்டு ஆண்டுகளாகத் தினமும் காலையில் ஒரே சொல்: "என்னங்க."

தணிகாசலத்தின் கண்ணில் குறையில்லை. அந்தச் சமயத்தில் அவருக்கு எதுவும் தெரியவில்லை என்பது வேறு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் விரலால் பெருக்கத்தை ஒரு படி கூட்டினார். அந்தத் திரையில் முதல் முறையாக எண் உண்மையிலேயே மாறியது.

உடனே எழுத்து வந்தது.

"இன்னும் தெரியலீங்களா?"

அவர் பதில் எழுதப் போனார். மாசிலாமணி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாங்க மாமா. பதில் போட்டா, இத்தன வருசம் எங்க இருந்தீங்கன்னு அக்கா கேக்கும்."

"கேக்கட்டும் மாப்ள."

'தெரியுது' என்று ஒற்றை விரலால் அடித்தார். மனுவைத் திருப்பி வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வரப்போகிறவளிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்று பதிவாளரிடம் சொன்னார். கைப்பேசியை எடுத்துக்கொண்டு அவர்கள் போன பிறகும் அந்த அறையில் கொஞ்ச நேரம் யாரோ இருப்பதுபோல இருந்தது.

நிரலைத் திருத்தச் சொல்லித் தலைமைப் பதிவகத்துக்கு எழுத வேண்டியது என் வேலை. வலையில் அனுப்பினால் நிழல்கள் படித்துவிடும். இதெல்லாம் காகிதத்தில்தான். பிழையையும், அது எந்தத் திரைவகை என்பதையும், இரண்டு எண்களையும் எப்படி ஒப்பிட வேண்டும் என்பதையும் வரிசையாக எழுதினேன். திருத்தம் போன அன்றே, யாரும் படிக்காத நிழல்கள் அந்த வகைக் கைப்பேசிகளில் எல்லாம் அணைந்துவிடும். அதனால் கீழே ஒரு வரி சேர்த்தேன்: அணைப்பதற்கு முன் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் ஆள் நேரில் போய், இதுவரை யாருமே படிக்கவில்லை என்பதை வாயால் சொல்ல வேண்டும்.

அப்படி ஒரு விதி இல்லையே என்றார் பதிவாளர்.

"இல்லைங்க மேடம். எழுதி வெச்சிருக்கேன்."

அவர் இன்னொரு முறை படித்தார். அந்த வரியை அடித்துவிடச் சொல்வார் என்று பேனாவைத் திறந்து வைத்திருந்தேன். அவர் உறையை இழுத்து, கடிதத்தை உள்ளே போட்டு, அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரையைத் தானே அழுத்தினார். சூடு ஆறியதும் வாசலுக்கு எடுத்துப் போய் அஞ்சல் வண்டிக்காரரிடம் கொடுத்தேன். அவர் அதைப் பையில் போட்டுக்கொண்டு சேலம் சாலையில் போனார்.