ஈர வைக்கோல்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீடுகளுக்குப் பழனியப்பன்தான் பால் ஊற்றுவார். தோளில் காவடி போலக் காண்டாக் கம்பு, முன்னால் ஒரு குடம், பின்னால் ஒரு குடம். நடக்கும்போது பால் தளும்பாமல் இருக்க, குடத்துக்குள் ஒரு கத்தை வைக்கோலைப் போட்டு வைப்பார். எல்லாப் பால்காரர்களும் அப்படித்தான் செய்வார்கள்.

அன்று அவர் மகள் சந்திரகலா கொஞ்சம் கூடுதல் சமர்த்தாக இருந்தாள். வைக்கோலில் தூசி இருக்கிறதே என்று குழாயடியில் அலசி, சொட்டச் சொட்ட முன்குடத்தில் போட்டாள். அதற்குள் அப்பா அவசரப்படுத்திவிட்டார். பின்குடத்து வைக்கோல் காய்ந்தபடியே போனது. அவளும் கூடவே கிளம்பினாள்.

பாலத்தருகே சுகாதார இன்ஸ்பெக்டர் கிரிகரி நின்றிருந்தார். யாரோ ஒரு பால்காரரின் தண்ணீர்ப் பாலைச் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கிரிகரி முன்குடத்தில் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டார். நல்ல பாலில் அது உயர்ந்து நிற்கும். இதில் ஆழமாக அமிழ்ந்தது.

"தண்ணி கலந்திருக்கீங்க. பாலைக் கொட்டணும். லைசென்சைக் குடுங்க."

பழனியப்பன் தண்ணீரே கலக்கவில்லை என்றார். மாட்டின் மேல் சத்தியம் செய்தார். காலையிலிருந்து இந்தச் சத்தியத்தைக் கேட்டுக் கேட்டுக் கிரிகரிக்குக் காது புளித்துப் போயிருந்தது. லைசென்ஸ் கைமாறியது. அது போனால் வீட்டில் அடுப்பு எரியாது. சந்திரகலாவுக்கு அழுகை முட்டியது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது.

"ஐயா, பின்னால இருக்கிற குடத்தையும் பாருங்களேன்."

பார்த்தார். குழாய் ஜம்மென்று உயர்ந்து நின்றது. ஒரே மாட்டுப் பாலில் இது எப்படி என்று கிரிகரி புருவத்தைத் தூக்கினார்.

"தண்ணி கலந்தது அப்பா இல்லீங்க. நான்தான். தெரியாம."

சொல்லிவிட்டு, அப்பா தோளில் கம்பு உறுத்தாமல் இருக்க வைத்திருந்த வைக்கோலை உருவினாள். தெருக்குழாயில் நனைத்து, பால் அளக்கும் குவளையின் மேல் பிழிந்தாள். குவளை நிரம்பி வழிந்தது.

கிரிகரி சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஆனாலும் முன்குடத்துப் பாலைக் கொட்டித்தான் ஆகவேண்டும் என்றார். பிறகு லைசென்ஸைப் பழனியப்பனிடமே நீட்டினார்.

"கழுவும்மா, வேணாங்கல. காய வச்சுப் போடு லா."

அப்பாடா! பழனியப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. திட்ட வாயெடுத்தவர், மகளின் நனைந்த பாவாடையைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும், பாலில் ஊறிய வைக்கோலைச் சந்திரகலா செவலைப் பசுவுக்குப் போட்டாள். செவலை அதைச் சப்புக்கொட்டித் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று அவள் கையை நக்கியது.