குடையோடு போனவர்கள்

படம் பார்த்தது என்னவோ செவ்வாய்க்கிழமை. பயம் மட்டும் வெள்ளிக்கிழமைதான் வந்தது. அதுவும் மூன்று நாள் பயத்தை மொத்தமாகச் சேர்த்துக்கொண்டு வந்தது.

அம்மா வேண்டவே வேண்டாம் என்று சொன்ன படம் அது. தோழியின் வீட்டில் ஒளிந்து பார்த்தாள் கேள்வி. அந்தப் படத்தில் ஒரே நொடியில் உலகத்து நல்லவர்கள் எல்லாரும் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள். அவர்களுடைய துணியும் செருப்பும் மட்டும் தரையில் கிடக்கும். பொய் சொன்னவர்கள் எல்லாரும் பூமியிலேயே விடப்படுவார்கள். முடி வெட்டுபவர் மறைந்துபோக, பாதி வெட்டிய தலையோடு ஒருவர் நாற்காலியில் தனியே உட்கார்ந்திருப்பார். தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். கேள்விக்குச் சிரிப்பே வரவில்லை.

கேள்வி என்பது பத்து வயதுப் பெண்ணுக்கு யாரும் வைக்கிற பெயரா? வாயைத் திறந்தாலே கேள்விதான் என்பதால் வீட்டில் அப்படிக் கூப்பிட்டார்கள். அம்மா கல்லூரியில் பைபிளை ஆராய்ந்து பாடம் நடத்துபவர். பைபிளிலிருந்து சினிமாக்காரர்கள் எதை எடுத்தார்கள், எதை இட்டுக்கட்டினார்கள் என்று பத்திரிகைக்குக் கட்டுரையும் எழுதுவார். அந்த வாரம் அவர் எழுதிக்கொண்டிருந்தது அதே படத்தைப் பற்றித்தான்.

"நீ அந்தப் படத்தைப் பார்க்கலையே?" என்று புதன்கிழமை அம்மா கேட்டார்.

"இல்லம்மா" என்றாள் கேள்வி. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

வெள்ளிக்கிழமை நல்ல மழை. பள்ளி விட்டதும் தம்பி பட்டாணியின் கையைப் பிடித்துக்கொண்டு, இருவரும் ஒரே மழைக்கோட்டுக்குள் நுழைந்து வீடு வந்தார்கள். பட்டாணிக்கு ஐந்து வயது. ஓரிடத்தில் நிற்காமல் உருண்டுகொண்டே இருப்பான்.

கட்டடத்தின் கீழே தையல்கார மாமாவின் கடை. மழையோ வெயிலோ, மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். இன்று சத்தமே இல்லை. கேள்வி எட்டிப் பார்த்தாள். விளக்கு எரிந்தது. ஊசிக்கடியில் ஒரு சட்டைக் கை பாதி தைத்தபடி கிடந்தது. மாமாவின் செருப்பு நாற்காலிக்கு அடியில் இருந்தது. மாமா மட்டும் இல்லை.

கேள்வி பட்டாணியை இழுத்துக்கொண்டாள்.

மாடிக்கு ஓடினாள். எதிர்வீட்டுக் கதவு ஆவென்று திறந்திருந்தது. உள்ளே ரேடியோ யாருமில்லாத அறையோடு பேசிக்கொண்டிருந்தது.

தன் வீட்டுக் கதவைத் தள்ளினாள். அது பூட்டியிருக்கவில்லை.

"அம்மா?"

மேசையில் மூடாத பேனா. பக்கத்தில் ஆவி பறக்கும் டீ. கைபேசியும் அங்கேயே இருந்தது. நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில், அம்மாவின் நைட்டி கிடந்தது.

படத்தில் வந்தது மாதிரியே.

அம்மாவின் கைபேசியை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அப்பா அச்சகத்தில் வேலை செய்கிறார், மிஷின் இரைச்சலில் அவருக்கு எதுவும் கேட்காது என்பது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். பயத்தில் அதெல்லாம் மறந்துபோயிற்று.

'எல்லாரும் போயிட்டாங்க. நான் பொய் சொன்னேன். அதான் என்னை விட்டுட்டாங்க.'

"அக்கா, அம்மா எங்கே?" என்றான் பட்டாணி.

கேள்வி துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டினாள்.

"வந்துடுவாங்க. நீ ரொட்டி சாப்பிடு."

"நீ ஏன் நடுங்கற?"

"குளிருது."

அவன் காலை ஆட்டிக்கொண்டு ரொட்டியைக் கடித்தான். கேள்வி அவனையே பார்த்தாள். பொய் சொன்னது நான். இவன் என்ன செய்தான்? போன வாரம் ரப்பரைத் தின்றான். அதையும் கேட்பதற்கு முன்னால் தானே வந்து சொல்லிவிட்டான். இவனைப் போய் விட்டுவிட்டுப் போவாரா கடவுள்? எங்கேயோ இடிக்கிறதே!

பயம் போகவில்லை. ஆனால் கொஞ்சம் தள்ளி நின்றது.

அப்போதுதான் கருகல் வாசனை வந்தது. அடுப்பைப் பார்த்தாள், அணைந்திருந்தது. வாசனை படிக்கட்டு வழியாகக் கீழிருந்து வந்தது.

"பட்டாணி, நாற்காலியை விட்டு இறங்கக் கூடாது. நூறு வரைக்கும் எண்ணு."

"எனக்கு இருபது வரைக்கும்தான் தெரியும்."

"அப்போ அஞ்சு தடவை எண்ணு!"

தையல் கடை முழுக்கப் புகை. ஆளில்லாத அந்தக் கடைக்குள் காலெடுத்து வைக்க அவளுக்கு அவ்வளவு பயமாக இருந்தது. மேசையில் ஒரு துணியின்மேல் இஸ்திரிப் பெட்டி குப்புறக் கிடந்தது. சுற்றிலும் துணி பழுப்பேறிக் கறுத்துக்கொண்டிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடி, சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தாள். பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து நிமிர்த்தி வைத்தாள். துணியின் ஓரத்தில் மினுங்கிய நெருப்பின்மேல் மூலையிலிருந்த வாளித் தண்ணீரை அப்படியே கொட்டினாள். 'உஸ்' என்று அடங்கியது.

இருமிக்கொண்டே வெளியே வந்தவள், படிக்கட்டுக்கு அடியில் இருந்த தகர டின்னைப் பார்த்து நின்றாள். கட்டடத்தில் எல்லாரும் குடை வைக்கிற டின் அது.

டின் காலி.

கேள்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். படத்தில் போனவர்கள் செருப்பை விட்டுவிட்டுப் போனார்கள், மோதிரத்தைக்கூட விட்டுவிட்டுப் போனார்கள். சொர்க்கத்துக்குப் போகிறவர்கள் யாராவது குடை எடுத்துக்கொண்டு போவார்களா?

"பட்டாணி! இறங்கி வா!"

பள்ளியிலிருந்து வந்த வழியில் அவர்கள் யாரும் கண்ணில் படவில்லை. அதனால் எதிர்ப்பக்கமாக, தெருக்கோடிக்கு அவனை இழுத்துக்கொண்டு ஓடினாள். அங்கே குழாய் போடத் தோண்டிய பள்ளத்துச் சேற்றில் ஒரு வாடகைக் கார் சிக்கியிருந்தது. உள்ளே, பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மூன்றாவது மாடி நர்ஸ் அக்கா, பிறந்து நாலு நாளான குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டுத் தாத்தா கார் ஜன்னலுக்குக் குடை பிடித்தார். தையல்கார மாமா வெறுங்காலோடு காரைத் தள்ளினார். பக்கத்தில் முழங்கால் வரை சேறோடு அம்மா!

கேள்வி ஓடிப்போய் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"நான் அந்தப் படத்தைப் பார்த்துட்டேம்மா! பொய் சொல்லிட்டேன்! நீங்கல்லாம் மேல போயிட்டீங்கன்னு நெனச்சேன்!"

"மூணாவது மாடிக்கா?" என்றார் மாமா, ஒன்றும் புரியாமல். பிறகு அவர் முகம் வெளுத்தது. "ஐயோ! இஸ்திரிப் பெட்டி!"

"அணைச்சுட்டேன் மாமா. துணிதான் போச்சு."

மாமா அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். "துணி கிடக்குது போ. நீ மட்டும் இல்லேன்னா, இந்தக் குழந்தைக்கு வர்றதுக்கு வீடே இருந்திருக்காதும்மா."

வீட்டுக்கு வந்ததும் அம்மா தேடினார். "சீட்டு எழுதி வெச்சுட்டுத்தானே போனேன்!" சீட்டு இருந்தது, தடிப் புத்தகத்துக்குள் பக்க அடையாளமாக. கையில் கிடைத்த தாளையெல்லாம் புத்தகத்துக்குள் செருகுவது அம்மாவின் பழக்கம். வெளியே ஓடும் அவசரத்தில் உடை மாற்றி, தரையில் போட்டிருந்த நைட்டியையும் எடுத்து மடித்தார்.

"தப்பு என்மேலயும் இருக்கு" என்றார் அம்மா. "படம் பார்த்ததைப் பத்தி நாளைக்குப் பேசுவோம். இன்னைக்கு இதைக் கேளு. அந்தப் படத்துக்காரங்க எடுத்துக்கிட்டது பைபிள்ல ஒரே ஒரு வரி. ஆண்டவர் வர்றப்ப அவரை எதிர்கொண்டு போறதைப் பத்தின வரி. எதிர்கொண்டு போறவங்க எதுக்குப் போவாங்க? கூட்டிக்கிட்டுத் திரும்பி வரத்தான். நான் அப்படித்தான் படிக்கிறேன்."

"நீங்க நர்ஸ் அக்காவுக்குப் போன மாதிரியா?"

"அதே மாதிரி. சேறு மட்டும் கிடையாது."

கேள்வி கருகல் வாசனை அடித்த தன் கையை முகர்ந்து பார்த்தாள்.

"அம்மா, நல்லவங்க எல்லாரும் ஒரே நேரத்துல கிளம்பிப் போயிட்டா, இஸ்திரிப் பெட்டிய யாரும்மா அணைப்பாங்க?"

அம்மா அவளைப் பார்த்தார். மேசையில் இருந்த கட்டுரையைப் பார்த்தார். அதன் கடைசிப் பக்கத்தைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார்.

"இன்னொரு தடவை மெதுவா சொல்லு" என்று புதுத் தாளை எடுத்தார்.