லுவாங்க்வா கரையில் ஒரு ‘ஓடீ’

லுவாங்க்வா ஆறு வளையும் இடத்தில், புளியமரத்தடியில் கூடாரம் அடிக்க யோத்தாமுக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. ஆனால் தலைநகர் லுசாக்காவிலிருந்து வந்த புகைப்படக்காரி லுசுங்குவுக்கு அந்த இடம்தான் வேண்டுமாம். சிறுத்தை அந்த மரத்துக்குத்தான் வருகிறதாம். அவள் பிடித்தால் பிடித்ததுதான். வழிகாட்டி என்ன செய்வான்? ஜீப்பை நிறுத்தினான்.

போன மழைக்காலத்தில் வனக்காவலர் ஸெனாசியை இதே வளைவில்தான் சிங்கம் இழுத்துப் போனது. மிச்சத்தைப் பொறுக்கியவன் யோத்தாம். பூட்ஸுக்குள் கால் இருந்தது.

சமையலுக்கு வந்திருந்த மசாவுசோ, யோத்தாமின் மனைவி எதினாவுக்கு ஒரே தம்பி. நகரத்தில் வளர்ந்தவன், காட்டுக்குப் புதிது. அவனை முழுசாகத் திருப்பிக் கொண்டுவருவதாகக் கணவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் எதினா அனுப்பியிருந்தாள்.

“என்ன மச்சான், மூஞ்சி இஞ்சி தின்ன கொரங்காட்டம் இருக்கு? எங்க அக்கா நெனப்பா?”

“வாய மூடிட்டுக் களியக் கிண்டுடா.”

லுசுங்கு கேமராவைத் துடைத்தபடி சிரித்தாள்.

பொழுது சாய்ந்தது. கத்திக்கொண்டிருந்த தவளைகள் எல்லாம் ஒன்றாக வாயடைத்தன. ஆற்றுப் பக்கமிருந்து அழுகிய இறைச்சி நாற்றம் வந்தது.

“ஓடீ!”

கூடாரத்துக்குப் பின்னால் ஓர் ஆண் குரல்.

அந்த நாட்டில் யார் வாசலில் நின்றாலும் ‘ஓடீ’ என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவர் ‘ஓடினி’ என்று சொன்னால்தான் காலெடுத்து வைக்கலாம். தாய்ப்பாலோடு வந்த மரியாதை அது, யோசித்துச் சொல்வதல்ல. காட்டில் மட்டும், முகத்தைப் பார்க்காமல் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அதை மசாவுசோவுக்குச் சொல்லிவைக்க யோத்தாம் மறந்துவிட்டான்.

அந்தக் குரல் அவனுக்குத் தெரியும்.

ஸெனாசி.

யோத்தாம் கையை உயர்த்துவதற்குள் மசாவுசோ பானையிலிருந்து தலைகூடத் தூக்காமல், “ஓடினி! வாங்க, சாப்பிடலாம்” என்றான்.

கூடாரத் துணி மேலிருந்து கீழ்வரை கிழிந்தது.

இருட்டு எழுந்து மசாவுசோவின் தோளைக் கவ்வியது. எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. பானை கவிழ, நெருப்பு சீறி அணைந்தது. லுசுங்கு அலறிக்கொண்டே கேமராவை அழுத்தினாள். பளீரென்ற வெளிச்சத்தில் யோத்தாம் பற்களைப் பார்த்தான்.

மனிதப் பற்கள்.

விறகுக் கோடாரியை ஓங்கி இறக்கினான். சதையில் ஆழமாகப் பதிந்தது. பிடுங்கியபோது இரும்பில் ஈரமே இல்லை.

“மச்சான்! விடாத மச்சான்!”

யோத்தாம் அவன் கால்கள் இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டான். அது அந்தப் பக்கம் இழுத்தது, இவன் இந்தப் பக்கம் இழுத்தான். கழுத்து ஒடிந்தது. தொண்டை பிய்ந்து ரத்தம் இவன் முகத்தில் அடித்தது. பிறகு அது விட்டுவிட்டது. வந்த வேலை முடிந்துவிட்டதுபோல் விட்டுவிட்டது.

தார்ப்பாயில் சுற்றிய உடலோடு ஜீப் ஊர் சேர்ந்தபோது விடிந்துகொண்டிருந்தது. லுசுங்கு இறங்கவில்லை. யோத்தாம் தன் வீட்டு வாசலிலேயே அந்நியன்போல் நின்றான். எந்த முகத்தோடு உள்ளே போவது?

“ஓடீ” என்றான்.

“ஓடினி, ஓடினி! சொந்த வீட்டுக்கு என்னங்க புது மரியாத?” எதினா சிரித்துக்கொண்டே வந்தாள். அவன் சட்டையைப் பார்த்ததும் சிரிப்பு போயிற்று. “ஐயோ, என்னங்க ரத்தம்?”

“எதினா… நம்ம மசாவுசோ…”

“அவனுக்கென்ன? அப்பவே வந்துட்டானே. அவனும் உங்கள மாதிரிதான், வாசல்ல நின்னு ‘ஓடீ’ன்னான். உள்ள வாடான்னேன். எங்கிட்ட ஒரு வார்த்த பேசல, நேரா புள்ளைங்க கிட்டப் போய்ட்டான்.”

உள்ளறையில் பிள்ளைகள் இரண்டும் கலகலவென்று சிரிப்பது கேட்டது.

பிறகு ஒன்று மட்டும் சிரித்தது.